மகரந்தச் சேர்க்கை நடைபெறுகிறது

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி நலம். பட்டாணி நலம். நானும் நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் இப்போது படி ஏற விடுகிறதா, இன்னும் அடம் பிடிக்கிறதா?

கையில் போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எல்லாம் உங்கள் மருமகள் பட்டாணியால்தான். நாலு வயது முடிந்ததும் அவளுக்குக் காதும் நாலாகிவிட்டது. நான் போனில் பேசுவதெல்லாம் மறுநாள் காலை வாசல் கேட்டில் ஒலிபரப்பாகிறது. போன வாரம் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவரை நிறுத்தி, "தாத்தா, நீங்க மைக்கை முழுங்கிட்டீங்களாமே? எங்கம்மா சொன்னாங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டாணியைத் தேனீ கொட்டிவிட்டது. விளையாட்டு இடத்து மணல் தொட்டியில் உட்கார்ந்திருந்தபோது, கண் இமையில். ஒரு மணி நேரத்தில் கண் மூடிக்கொண்டது. சாயங்காலம் கன்னம் பன் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் ஊசி போட்டு, "வீக்கம் வடியட்டும். ஒரு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்து, ஒவ்வாமை இருக்கான்னு பாத்துடலாம். அதுவரைக்கும் கொஞ்சம் கவனமா இருங்க" என்றார். இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. நான் கொஞ்சம் இல்லை, நிறையவே கவனமாக இருக்கிறேன். ஜன்னல்களை மூடியே வைத்திருக்கிறேன்.

இந்த நேரம் பார்த்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: "நமது வளாகத்தில் மகரந்தச் சேர்க்கைத் தோட்டம். ஆதரிப்போர் கையெழுத்திடவும்." மகரந்தம் என்று ஏதோ மழலையர் பள்ளி, அதில் சேர்க்கை நடக்கிறது, வளாகத்துக்குள்ளேயே என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். வணிகவியலில் முதல் வகுப்பு வாங்கியவள்தான், ஆனால் அதில் பூவுக்குப் பாடம் இல்லை. பட்டாணியை வெளியே அனுப்பவே வேண்டாமே என்ற சந்தோஷத்தில் முதல் கையெழுத்தே என்னுடையதுதான். போதாததற்குத் தலைவரிடம் போய், "ஃபீஸ் எவ்வளவு சார்?" என்று வேறு கேட்டேன்.

"ஃபீஸா? தேனீக்கு எதுக்கும்மா ஃபீஸ்?" என்றார்.

புல்தரையைப் பாதியாகக் குறைத்து, தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வருகிற மாதிரி பூச்செடி வைக்கப் போகிறார்களாம். இருப்பதிலேயே பெரிய பாத்தி எங்கே தெரியுமா? பட்டாணி படுக்கிற அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே. தரைத்தள வீடு வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், உங்கள் தம்பி கேட்டால்தானே.

பூங்காவுக்கு வரைபடம் போடுவது உங்கள் தொழில். இதை நிறுத்த ஒரு வலுவான காரணம் எழுதி அனுப்புங்கள். நீங்கள் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. எங்கள் புது வீட்டுக்கு நீங்கள் இன்னும் வரவே இல்லை; வருவதற்குள் ஜன்னலைத் திறக்கிற நிலைமை வர வேண்டும்.

மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.
உங்கள் தம்பி மனைவி


ஜனவரி 19

அன்புள்ள பட்டாணியின் அம்மாவுக்கு,

முழங்கால் அடம்தான் பிடிக்கிறது, குடும்ப குணம். மற்றபடி சுகம். உன் இருமல் விட்டதா? அதைப் பற்றி ஒரு வரி இல்லையே.

"ஃபீஸ் எவ்வளவு" என்று நீ கேட்டதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். அந்தத் தலைப்பை எழுதியது யாரோ, அவர்களுக்குச் செடி தெரிந்த அளவு மனிதர்களைத் தெரியவில்லை.

கண் இப்போது முழுசாகத் திறக்கிறதா? பார்வையில் மங்கல் ஏதும் சொல்கிறாளா? மூச்சு வாங்கியதா, உடம்பெல்லாம் தடித்ததா, வாந்தி எடுத்தாளா? கொட்டின இடத்தைச் சுற்றி மட்டும் வீங்கியதா? இதெல்லாம் டாக்டர் கேட்டிருப்பார். நானும் கேட்கிறேன், அத்தைக்கும் கேட்க உரிமை உண்டு.

நிறுத்தக் காரணம் கேட்டாய். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜன்னலைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் இன்னும் சில முறை. யோசித்து எழுதுகிறேன். அவசரப்பட்டுச் சங்கக் கூட்டத்தில் எதுவும் பேசிவிடாதே.

ரத்தப் பரிசோதனைக்கு எந்தத் தேதி கொடுத்தார்கள்?

பட்டாணிக்கு முத்தம், வீங்காத கன்னத்தில்.
அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது, கேட்டதற்கு நன்றி. கண் நன்றாகத் திறக்கிறது. மூச்சு வாங்கவில்லை, வாந்தி இல்லை, உடம்பில் தடிப்பு இல்லை. முகம் மட்டும்தான் வீங்கியது. அது "மட்டும்" என்று எழுதவே கை வர மாட்டேன் என்கிறது. அந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை.

அவசரப்பட வேண்டாம் என்ற உங்கள் கடிதம் கூட்டம் முடிந்த மறுநாள் வந்தது.

கூட்டத்தில் பெரிய கூத்து. மூன்றாவது மாடிக்காரர் எழுந்து, "எல்.கே.ஜி. மட்டுமா, யு.கே.ஜி.யும் உண்டா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் அதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆதரவுக் கையெழுத்தில் பாதி என்னைப் போன்றதுதான் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா மட்டும் தோட்டம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "பால்கனியில பூசணி வெச்சு ஒரு வருஷமாச்சு. பூவா பூக்குது, ஒரு பிஞ்சு நிக்கல. இங்கதான் வாரா வாரம் மருந்தடிச்சு ஒரு பூச்சியக்கூட விடறதில்லையே. கடைசியில நானே பிரஷ் எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு பூவா தேய்க்கறேன். நாள் பூரா கிளினிக்லயும் அதே வேலை, வீட்டுக்கு வந்தாலும் அதே வேலை!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த கூட்டம் கை தூக்கிவிடும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. எழுந்து, "என் பொண்ணுக்குத் தேனீ ஆகாது. டாக்டரே சொல்லிட்டார். இன்னொரு தடவை கொட்டினா என்ன ஆகும்னு யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?" என்றேன். முடிவை மார்ச் கடைசிக் கூட்டத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். பல் டாக்டரம்மா வெளியே வந்து என் தோளைத் தொட்டு, "எனக்குத் தெரியாதும்மா, ஸாரி" என்றார்.

அதற்குள் அந்தக் காரணத்தை அனுப்புங்கள் அண்ணி. உங்கள் ஊரில் குளிர் எப்படி? காலுறை போட்டுக்கொண்டு படுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 12

அன்புள்ள பட்டாணியின் அம்மாவுக்கு,

காலுறை போட்டேன், சுகமாக இருக்கிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

பொய்யாக ஒரு காரணம் எழுதி என் பெயரைக் கெடுத்துக்கொள்ள முடியாது. உண்மையானவற்றை எழுதுகிறேன். பிறகு உன் இஷ்டம்.

தோட்டம் இல்லாமலேயே பட்டாணியைத் தேனீ கொட்டியிருக்கிறது. பூ இருந்தால் அதற்குப் போக ஓர் இடம் இருக்கும். பூவில் மும்முரமாக இருக்கிற தேனீ ஆளைத் தேடி வந்து கொட்டாது. மிதிபட்டால், கைக்குள் அகப்பட்டால், விரட்டினால்தான் கொட்டும். பூச்செடிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைக்காமல் ஒரே கொத்தாக வைக்க வேண்டும். அப்போது பூச்சியும் அங்கேயே சுற்றும். கடுகு, கொத்தமல்லி, சூரியகாந்தி என்று ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று பூக்கிற மாதிரி வைக்க வேண்டும். குழந்தைகள் ஓடுகிற இடத்துக்கும் பாத்திக்கும் நடுவே அகலமான நடைபாதை வேண்டும். மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும்.

அதைவிட முக்கியம், மூன்றாவது தூணுக்குப் பின்னால் குழாய் சொட்டிச் சொட்டி ஈரமாகவே கிடக்கிறதே, அதைச் சரி செய்யச் சொல். தேனீக்குத் தாகம் எடுத்தால் அங்கேதான் வரும். மணல் தொட்டி அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பூச்சிக்குத் தண்ணீரைக் கூழாங்கல் போட்ட தட்டில், தூரமாகப் பாத்தி ஓரத்தில் வைக்கலாம்.

மாதம் ஒன்று தாண்டிவிட்டது. ரத்தம் எடுத்தாயிற்றா? போன கடிதத்திலும் கேட்டேன், நீ குளிரைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

அண்ணி


மார்ச் 7

அண்ணிக்கு,

எல்லோரும் நலம்.

பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை இருந்தது என்று எழுதலாம், ஆனால் அது இல்லை. உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வெளியே போய்ப் பார்த்தேன். மூன்றாவது தூண், குழாய், ஈரம், பக்கத்திலேயே மணல் தொட்டி. எல்லாம் நீங்கள் சொன்ன இடத்தில் இருக்கிறது.

நான் உங்களுக்குக் குழாயைப் பற்றி எழுதவே இல்லை. இங்கே குடியிருக்கிற எனக்கே அது சொட்டுவது தெரியாது. உங்கள் தம்பியைக் கேட்டேன், "நம்ம வளாகத்துல தூண் இருக்கா?" என்று கேட்கிறார். இந்த வீட்டுப் படியை நீங்கள் மிதித்ததில்லை.

உங்களுக்கு எப்படித் தெரியும்?

பட்டாணியின் அம்மா


மார்ச் 14

அன்புள்ள பட்டாணியின் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டால் இப்போது நீ எரிச்சல்படுவாய். இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

வரைபடம் நான் போட்டது. அந்தத் தலைப்பும் நான் வைத்ததுதான்.

உங்கள் சங்கத்தின் வேலை எங்கள் அலுவலகத்துக்குப் போன வருடக் கடைசியில் வந்தது. முகவரியைப் பார்த்ததும் வேறு யாருக்கும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டேன். நேரில் அளந்தது எங்கள் ஆட்கள். எனக்கு அளவுகளும் போட்டோக்களும் வந்தன. குழாய் சொட்டுவதை அதில்தான் பார்த்தேன். இன்னொரு போட்டோவில் ஒரு ஜன்னல் கம்பியில் மஞ்சள் கவுன் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கவுனை வாங்கியவள் நான். பெரிய பாத்தியை முதலில் கேட் பக்கம்தான் போட்டிருந்தேன். கவுனைப் பார்த்த பிறகு அழித்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே கொண்டு வந்தேன். காலையில் கண் விழித்ததும் அவள் பூவையும் வண்ணத்துப்பூச்சியையும் பார்க்கட்டும், விஷயம் தெரியும்போது நீங்கள் ஆச்சரியப்படுங்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

அப்புறம் உன் முதல் கடிதம் வந்தது. என்ன எழுத? நான்தான் என்று சொன்னால், அண்ணி மனம் கோணக் கூடாது என்று நீ பயத்தை விழுங்கிக்கொண்டு சம்மதிப்பாய். இல்லை, என் குழந்தையைவிட உங்களுக்குச் செடி பெரிதா என்று கேட்பாய். இரண்டும் எனக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இப்போது மூன்றாவதாக உன் சந்தேகத்தைச் சம்பாதித்துக்கொண்டேன்.

பாத்தி வேண்டாம் என்று ஒரு வரி எழுது. எடுத்துவிடுகிறேன். என் வேலை அது, ரப்பரும் என்னிடம்தான் இருக்கிறது.

நான் மறைத்தது இது. நீயும் ஒன்றுக்குப் பதில் சொல்லாமலே இருக்கிறாய். ரத்தம் எடுத்தாயா இல்லையா?

அண்ணி


மார்ச் 23

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

எடுக்கவில்லை. இரண்டு முறை தேதி வாங்கினேன். ஒரு முறை மழை, ஒரு முறை பட்டாணிக்குச் சளி என்று உங்கள் தம்பியிடம் சொன்னேன். மழை பெய்தது உண்மைதான். குடையும் வீட்டில் இருந்தது. முடிவு தெரியாத வரைக்கும் அவளுக்கு ஒன்றுமில்லை என்று இருக்கலாம், தெரிந்துவிட்டால் அப்படி இருக்க முடியாதே. அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பதைவிட, காகிதத்தில் "ஆம்" என்று வருவது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. டாக்டர் சொல்லாததைக் கூட்டத்தில் சொன்னேனே, அது பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. நடந்துவிட்டதாகவே நினைத்துவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இருந்தது. ஒரு வாரம் நன்றாகவே இருந்தது. மஞ்சள் கவுனை மடித்து அலமாரிக்கு அடியில் வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை பட்டாணி தன் பொம்மையை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். "ஏண்டி பாப்பாவை உள்ள போட்டு மூடறே?" என்றேன்.

"பாப்பாவுக்குத் தேனீ ஆகாது."

"சரி, கொஞ்ச நேரம் எடுத்து வெச்சு விளையாடேன்."

"பாப்பாவுக்குப் பூ ஆகாது. மணல் ஆகாது. வெளிய ஆகாது. டாக்டரே சொல்லிட்டார்."

என் குரல், என் இழுப்பு, எல்லாம் அப்படியே. ஒரு எழுத்து பிசகவில்லை. நான் டப்பாவைத் திறந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் மூடினாள். "கவனமா இருக்கணும்மா" என்று எனக்கே புத்தி சொன்னாள்.

அன்று மதியமே உங்கள் தம்பியை அலுவலகத்திலிருந்து வரவழைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி குத்தும்போது அவள் அழவில்லை. நான் அழுதேன். அவரோ ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். கூட்டம் அதற்கு முன்னாலேயே வருகிறது, தள்ளி வைக்கச் சொல்லித் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். பாத்தியைப் பற்றி இப்போது எதுவும் எழுதத் தெரியவில்லை.

நாங்கள் இப்படித்தான் இருக்கிறோம்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 30

அன்புப் பெண்ணே,

பாத்தி கிடக்கட்டும். முழங்காலைப் பற்றியும் கேட்காதே, அது இருக்கிறது. முடிவு வந்ததும் கடிதமெல்லாம் வேண்டாம், போன் போடு. எந்த முடிவானாலும் போடு. பட்டாணி கேட்டால் கேட்கட்டும், கேட்டில் நின்று ஊருக்கே சொல்லட்டும்.

அந்த "ஆம்" வந்தால் அதற்கும் மருந்து உண்டு, வழி உண்டு. நான் கிளம்பி வருகிறேன். துணி எடுத்து வைத்துவிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலம், நலம். மூன்று பேருக்கும் சேர்த்து.

போனில் நான் அழுததுதான் உங்களுக்குக் கேட்டிருக்கும், நீங்கள் பயந்துபோய், "எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆஸ்பத்திரி?" என்று கத்தினீர்கள். அதனால் இப்போது நிதானமாக எழுதுகிறேன். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படற மாதிரி எதுவும் இல்லம்மா. இமை மெல்லிசு தோல், அங்க யாரைக் கொட்டினாலும் அப்படித்தான் வீங்கும். நம்ம கண்ணுக்குப் பெருசா தெரிஞ்சிருக்கு. இனி கொட்டினா கொடுக்கை எடுத்துட்டு ஐஸ் வைங்க. மூச்சு வாங்கினா மட்டும் ஓடி வாங்க" என்றார். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார். உங்கள் தம்பி மறுபடியும் ஃபேனைப் பார்த்தார், ஆனால் இந்த முறை கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே எழுந்தேன். "அன்னிக்கு டாக்டர் சொன்னதா நான் சொன்னதை டாக்டர் சொல்லல. என் பயம்தான் சொல்லுச்சு. இப்ப பரிசோதனை பண்ணியாச்சு, பொண்ணு நல்லா இருக்கா" என்றேன். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நின்றேன். மூன்றாவது மாடிக்காரர் கை தட்டிவிட்டார், பாவம், எதற்கென்று அவருக்கே தெரியாது. பல் டாக்டரம்மா என்னைக் கட்டிக்கொண்டார்.

சும்மா விடவில்லை, நிபந்தனை போட்டிருக்கிறேன். குழாயை முதலில் சரி செய்ய வேண்டும். மணல் தொட்டி எதிர்ப்பக்கம் போக வேண்டும், நடுவில் நடைபாதை. புல்லில் குழந்தைகள் செருப்போடுதான் ஓட வேண்டும். மருந்தடிப்பது நிறுத்தம். சுவரோரம் கொஞ்சம் மண்ணைக் கொத்தாமல் வெறுமனே விட வேண்டும், தரையில் வளை தோண்டி வாழ்கிற சின்னத் தேனீக்கு அதுதான் வீடு என்று எங்கேயோ படித்தேன். தலைவர் எல்லாவற்றையும் மைக் இல்லாமலே வாசித்துக் காட்டினார். எல்லோரும் கை தூக்கினார்கள். இந்த முறை எதற்குத் தூக்குகிறோம் என்று தெரிந்தே தூக்கினார்கள்.

பெரிய பாத்தி ஜன்னலுக்குக் கீழேயே இருக்கட்டும் அண்ணி. ரப்பரை உள்ளே வையுங்கள்.

எடுத்து வைத்த துணியைப் பிரிக்காதீர்கள். அதே பையோடு வாருங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஜூலை 18

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் ஊர் திரும்பி ஒரு மாதமாகிறது. பத்திரமாகப் போனீர்கள் என்று போனில் கேட்டாலும் எழுத்தில் கேட்பது போல இல்லை. முட்டி போட்டு எங்கள் மண்ணில் நாற்று நட்டதற்கு உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது? இங்கே எல்லோருக்கும் சுகம்.

கடுகு பூத்துவிட்டது. கொத்தமல்லியை யாரும் பறிக்கக் கூடாது என்று தலைவர் உத்தரவு போட்டார். அது குடை குடையாக வெள்ளைப் பூ வைத்திருக்கிறது. காலை ஏழு மணிக்கெல்லாம் பாத்தி ரீங்காரம் போடுகிறது. முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோது என் கை தானாக ஜன்னல் கொக்கிக்குப் போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் கம்பியை லேசாகப் பிடித்தேன். முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

இன்று காலை நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பட்டாணியைக் காணோம். பார்த்தால் நடைபாதை ஓரத்தில், செருப்போடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரியே. அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கடுகுப் பூவில் ஒரு தேனீ. ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. அவளும் கூடவே தலையைத் திருப்பினாள். எனக்கு "பட்டாணி!" என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டேன். கூப்பிடவில்லை. தேனீ அவள் காதோரமாக ஒரு சுற்றுப் போய்விட்டுச் சூரியகாந்திப் பக்கம் பறந்துவிட்டது.

பட்டாணி விடுவிடுவென்று உள்ளே வந்தாள். முகம் உப்பியிருந்தது. பயந்துவிட்டாளோ என்று மண்டியிட்டு உட்கார்ந்து, "என்னாச்சுடா கண்ணு?" என்றேன்.

"அது என்னைக் கண்டுக்கவே இல்லம்மா" என்றாள். "எவ்ளோ நேரம் நின்னேன் தெரியுமா? ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல."

என் பெண்ணை யாராவது மதிக்காமல் போனதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை அண்ணி. அவள் மாவு படிந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு, கோபத்தை மறந்து சிரிக்க ஆரம்பித்தாள். நாளைக்குக் காலையிலும் போய் நிற்பாளாம்; மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு போனால் ஒருவேளை பார்க்கும் என்கிறாள்.

அலமாரிக்கு அடியில் இருந்ததைத் தோய்த்துக் காயப் போட்டிருக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி